பெயருக்குள் இருக்கும் பொருள்: வீரமாமுனிவர் காட்டிய வழி

குழந்தை பிறந்த வீட்டில் இன்று முதலில் எழும் கேள்வி, என்ன பெயர் வைப்பது என்பதல்ல. எந்த எழுத்தில் தொடங்க வேண்டும், கூட்டினால் எந்த எண் வர வேண்டும் என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. இதில் நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் விதிவிலக்கல்ல. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர்களை நாம் காண்கிறோம். வேலை கிடைக்கவில்லை, திருமணம் தள்ளிப்போகிறது, வியாபாரம் படுத்துவிட்டது என்று மனம் சோர்ந்த நேரத்தில் யாரோ ஒருவர் வந்து, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். பயந்துபோன மனம் அதை நம்பிவிடுகிறது.

எழுத்துகளை இடம் மாற்றிப் பொருள் தேடும் வழக்கம் நேற்று வந்ததல்ல. உலகின் பல சமயங்களில், பல மொழிகளில் அது இருந்திருக்கிறது. நம் மதுரை மண்ணிலும் எழுத்தோடும் பெயரோடும் ஆழமாக உறவாடிய ஒருவர் வாழ்ந்தார். அவர்தான் வீரமாமுனிவர். அவருடைய வாழ்வை இந்தக் கோணத்திலிருந்து இன்று நாம் சற்றுச் சிந்திப்போம்.

மாந்துவா மண்ணின் மைந்தர்

வீரமாமுனிவரின் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், இத்தாலி நாட்டில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். நாம் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும் புனித அலோசியுஸ் கொன்சாகா 1568இல் பிறந்ததும் இதே ஊரில்தான். 1698இல் பெஸ்கி இயேசு சபையில் சேர்ந்தார். குருவானபின் இந்தியாவுக்கு மறைப்பணியாற்றச் செல்ல அனுமதி கேட்டுப் பெற்றார். லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1710இல் கோவாவையும், 1711இல் மதுரை மறைப்பணித் தளத்தையும் அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

மாந்துவாவுக்கு எழுத்துகளின் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. யூதர்களின் மறைபொருள் மரபுக்குக் கபாலா என்று பெயர். அம்மரபின் தலையாய நூலான சோகார், 1558 முதல் 1560 வரையிலான ஆண்டுகளில் மாந்துவாவில் அச்சேறியது. அதைவிடப் பழமையான செபேர் யெட்சிரா, அதாவது படைப்பு நூல், 1562இல் அதே நகரில் அச்சாகி வெளிவந்தது. கடவுள் எபிரேயத்தின் 22 எழுத்துகளைக் கொண்டு உலகைப் படைத்தார் என்று அந்நூல் கூறுகிறது. எழுத்துகளைக் கற்களாகவும், சொற்களை வீடுகளாகவும் அது காண்கிறது. இரண்டு கற்களால் 2 வீடுகள் கட்டலாம், மூன்று கற்களால் 6, நான்கு கற்களால் 24, ஐந்து கற்களால் 120 வீடுகள் கட்டலாம் என்று கணக்கும் சொல்கிறது. எழுத்துகளை எத்தனை வகையாக மாற்றி அடுக்க முடியும் என்பதே இந்தக் கணக்கு.

இதை வெறும் விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. திருவிவிலியத்திலேயே இதன் சாயல் உண்டு. இறைவாக்கினர் எரேமியா நூலின் 25ஆம் அதிகாரத்திலும் 51ஆம் அதிகாரத்திலும் சேசாக்கு என்றொரு நாடு வருகிறது. அப்படி ஒரு நாடு எங்கும் இல்லை. எபிரேய நெடுங்கணக்கில் முதல் எழுத்துக்குப் பதில் கடைசி எழுத்து, இரண்டாம் எழுத்துக்குப் பதில் கடைசிக்கு முந்தைய எழுத்து என்று மாற்றினால், பாபேல் என்பது சேசாக்கு ஆகிவிடும். அதாவது பாபிலோன். திருப்பாடல் 119 எபிரேயத்தின் 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டு வசனமாக, 176 வசனங்களில் அமைந்திருப்பதையும் நாம் அறிவோம்.

தொடக்க நூல் 6ஆம் அதிகாரத்தில், நோவாவுக்கு ஆண்டவரின் பார்வையில் அருள் கிடைத்தது என்ற செய்தி வருகிறது. எபிரேயத்தில் நோவாவின் பெயருக்கு இரண்டே எழுத்துகள்தாம். அவற்றைத் திருப்பிப் போட்டால் வரும் சொல் கேன். அதற்கு அருள் என்று பொருள். நோவாவின் பெயருக்குள்ளேயே அருள் மறைந்திருந்தது என்று யூத அறிஞர்கள் மகிழ்ந்தார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இந்த வழியின் பேராசானாக விளங்கியவர் ஸ்பெயின் நாட்டு யூதரான ஆபிரகாம் அபுலாபியா. இவர் பிறந்தது 1240இல். எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுவதையும் ஒலிப்பதையும் ஒரு தியான முறையாகவே வகுத்தார். 1280இல் திருத்தந்தை மூன்றாம் நிக்கோலாசைச் சந்திக்க உரோமைக்குப் புறப்பட்டார். ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் திருத்தந்தை திடீரென இறந்துபோனார். அபுலாபியாவைப் பிரான்சிஸ்கன் துறவியர் சுமார் நான்கு வாரங்கள் காவலில் வைத்திருந்து விடுவித்தனர். அவர் எழுத்துகளில் தேடியது பணத்தையோ நல்ல நேரத்தையோ அல்ல, கடவுளைத்தான். இன்று காசு வாங்கிக்கொண்டு பெயரை மாற்றித் தருகிறவர்களோடு அவரைச் சேர்த்துப் பேசுவது நியாயமாகாது.

மதுரைச் சீமையில்

இத்தகைய நூல்கள் அச்சான மண்ணிலிருந்து வந்த பெஸ்கி அடிகளார் மதுரைக்கு வந்தபோது, இங்கும் எழுத்துக்கு ஒரு பெரிய மரபு இருப்பதைக் கண்டார். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் மதுரை. சோழவந்தானுக்கு அருகே வைகைக் கரையிலுள்ள திருவேடகத்தில், திருஞானசம்பந்தர் எழுதிய ஏடு ஆற்று வெள்ளத்தை எதிர்த்துச் சென்றது என்பது சைவர்கள் போற்றும் மரபு. அதே சம்பந்தர், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்று என்ற வகையில் ஒரு முழுப் பதிகமே பாடியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் 117ஆம் பதிகமாக அது உள்ளது. எழுத்துகளை மாலையாகக் கோத்து மாற்றிக் கட்டும் சித்திரகவி மரபு தமிழ்ப் புலவர்களுக்குக் கைவந்த கலை.

பெஸ்கி அடிகளாருக்கு முன் நூறு ஆண்டுகளாகவே மதுரையில் இயேசு சபையாரின் பணி நடந்துவந்தது. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, இந்த மக்களின் உடையிலும் உணவிலும் மொழியிலும் வாழ்ந்து பணியாற்றினார். புனித அருளானந்தர் 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். அந்த வரிசையில் வந்த பெஸ்கி அடிகளார், காமநாயக்கன்பட்டி உள்ளிட்ட தென்பகுதிகளில் தம் தொடக்க காலப் பணியை ஆற்றினார். காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், தமிழ்ப் புலவர்களிடம் மாணவராய் அமர்ந்தார். நிலக்கோட்டைப் பக்கத்துச் சுப்ரதீபக் கவிராயரே அவருக்குத் தமிழ் கற்பித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அவருடைய பணிக்காலம் இன்பமாகத் தொடங்கவில்லை. 1714, 1715ஆம் ஆண்டுகளில் எழுந்த கலகத்தில் அவர் மரண தண்டனைக்கே உள்ளாகி உயிர் தப்பினார். எந்த மக்களைத் தேடி வந்தாரோ அந்த மண்ணிலேயே சாவை நேருக்கு நேர் பார்த்த மனிதர் அவர். பெயர் சரியில்லை, நேரம் சரியில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. அவரோ இன்னும் ஆழமாகத் தமிழுக்குள் இறங்கினார். 1727இல் வேதியர் ஒழுக்கம், 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி என்று நூல் மேல் நூலாகத் தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார்.

கொல்லா, கோலா?

இனி, அவர் எழுத்துக்குச் செய்த பணிக்கு வருவோம். அக்காலத்தில் எழுதியது பனையோலையில். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே ஓலையில் புள்ளி இடுவதில்லை. பழைய இலக்கணப்படி எகரமும் ஒகரமும் புள்ளி பெற்றால் குறில், புள்ளி பெறாவிட்டால் நெடில். புள்ளியே இல்லாத ஓலையில் குறில் எது, நெடில் எது என்று எப்படி அறிவது? இடம் பார்த்து ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதைச் சில சொற்களை வைத்துப் பார்ப்போம். கொல் என்பதும் கோல் என்பதும் ஓலையில் ஒரே வடிவம். நல்ல ஆயன் கையில் இருப்பது கோல். அதைக் கொல் என்று படித்தால் என்னவாகும்? பொய் என்பதும் போய் என்பதும் ஒரே வடிவம். கல்லறைக்குச் சென்ற பெண்கள் சீடர்களிடம் போய்ச் சொன்னார்கள் என்பதே நம் நம்பிக்கையின் அடித்தளம். அந்த ஒரு சொல் தவறினால் உயிர்ப்பின் நற்செய்தியே பொய்யாகத் தோன்றும். குரு எப்போதாவது வந்துபோகும் ஊர்களில் உபதேசியார்களே மக்களை வழிநடத்தினார்கள். அத்தகையவர்களின் கையில் இருக்கும் ஓலை ஐயத்துக்கு இடம் தரலாமா?

பெஸ்கி அடிகளார் இதற்கு எளிய வழி கண்டார். குறிலை அப்படியே விட்டுவிட்டு நெடிலுக்கு அடையாளம் தந்தார். எ என்ற எழுத்தின் கீழ் ஒரு கோடு இழுத்தால் ஏ. ஒ என்ற எழுத்தின் கீழ் ஒரு சுழி சுழித்தால் ஓ. கெ, கொ போன்றவற்றுக்கு ஒற்றைச் சுழிக் கொம்பு, கே, கோ போன்றவற்றுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு. இந்த மாற்றம் மெல்ல மெல்லப் பரவி, 19ஆம் நூற்றாண்டில் அச்சு நூல்களில் நிலைபெற்றது. இன்று தமிழ் எழுதும் ஒவ்வொருவரும், எந்தச் சமயத்தவராயினும், அவர் இட்ட கோட்டையும் சுழியையும் எழுதுகிறோம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எழுத்தை மாற்றி அதற்குள் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடுவது கபாலா அறிஞர்களின் வழி. எழுத்தில் ஒரு சிறு மாற்றம் செய்து, பொருள் ஒளிந்துகொள்ளாதபடி செய்தது வீரமாமுனிவரின் வழி. படித்தவர் மட்டுமே ஊகித்து அறிந்ததை எளியவரும் ஐயமின்றிப் படிக்க வைத்தார்.

சதுரகராதியிலும் இதே மனம்தான். அதற்கு முன் சொற்பொருள் அறிய நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளால் ஆனவை, மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். வீரமாமுனிவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக வகுத்தார். எழுத்துகளின் வரிசை தெரிந்த எவரும் சொல்லைத் தேடி எடுத்துவிடலாம்.

வளனும் கருணையனும்

அவருடைய பெரும்படைப்பு தேம்பாவணி. 1726இல் நிறைவடைந்த இக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. தலைவர் நம் புனித சூசையப்பர். நூலின் பெயரிலேயே ஓர் அழகு இருக்கிறது. தேம்பா, அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேன், பா, அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆன அணிகலன். ஓர் எழுத்தும் இடம் மாறவில்லை. பிரிக்கும் இடம் மாறியதும் இரண்டாவது பொருள் மலர்கிறது. இது நம் தமிழ்ச் சிலேடையின் வழி.

இன்னும் சிறப்பானது அக்காப்பியத்தில் அவர் பெயர்களைக் கையாண்ட விதம். சூசை என்பது போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த ஒலி. யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு, அவர் மேலும் சேர்ப்பார், பெருகச் செய்வார் என்பது பொருள். தொடக்க நூல் 30ஆம் அதிகாரத்தில் நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்த இராகேல், ஆண்டவர் இன்னொரு மகனையும் தர வேண்டும் என்று வேண்டி இப்பெயரை இடுகிறார். புனித எரோணிமுஸ் 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எபிரேயப் பெயர்களின் பொருளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். அதிலும் யோசேப்பு என்றால் வளர்ச்சி என்றே உள்ளது. வீரமாமுனிவர் அந்தப் பொருளுக்கு நேராக, வளன் என்ற தூய தமிழ்ப் பெயரைச் சூட்டினார். வளம் பெருகும், வளரும். ஒலி மாறியது, பொருள் அப்படியே நின்றது.

திருமுழுக்கு யோவானுக்கு அவர் இட்ட பெயர் கருணையன். நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில், தாய் எலிசபெத்தின் மறைவுக்காகக் கருணையன் புலம்பும் பகுதியைப் படித்திருக்கிறார்கள். யோவான் என்பதன் எபிரேய வடிவம் யோகனான். ஆண்டவர் அருள் கூர்ந்தார் என்பது அதன் பொருள். அருளைக் குறிக்கும் கேன் என்ற சொல்லும் இப்பெயரும் ஒரே வேரிலிருந்து வருபவை. ஆம், நோவாவின் பெயரைத் திருப்பிப் போட்டு யூத அறிஞர்கள் கண்டெடுத்த அதே சொல்தான். அவர்கள் எழுத்தைத் திருப்பி அருளைக் கண்டார்கள். வீரமாமுனிவர் ஓர் எழுத்தையும் திருப்பாமல், பெயரைத் திறந்து அருளைக் காட்டினார்.

அவர் மட்டுமல்ல, நம் முன்னோரும் அப்படித்தான் பெயரிட்டார்கள். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் அருளப்பர் ஆனார். இலாசர் என்றால் கடவுள் உதவினார் என்று பொருள், ஆகவே தேவசகாயம். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளை ஏற்ற பெயர் அது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். பெஸ்கி அடிகளாரும் தம் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டார். கொன்ஸ்தான்சோ என்றால் உறுதி கொண்டவர். ஆகவே முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் ஆனார். மரண தண்டனையிலிருந்து மீண்டவருக்கு அந்தப் பெயர் பொருத்தமானதே.

இன்று நமக்கு

இப்போது பெயரில் எழுத்தைக் கூட்டும் வழக்கத்தைத் திரும்பிப் பார்ப்போம். அங்கே மாறுவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். தமிழில் அந்தப் பெயர் முன்பு எழுதியபடியே இருக்கிறது, அழைக்கும் ஒலியும் மாறுவதில்லை. எழுத்துக்கு எண் தருவதில்கூட ஒருவர் முறை ஒன்று, மற்றவர் முறை வேறு. ஒரே பெயருக்கு இருவர் இரு எண்களைச் சொல்வார்கள். எபிரேய மொழியில் எழுத்தே எண்ணாகவும் இருந்தது. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் தலைமுறைகளைப் பதினான்கு பதினான்காக எண்ணுவது, தாவீது என்ற பெயரின் எழுத்துகள் 4, 6, 4 எனக் கூடிப் பதினான்கு ஆவதால்தான் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஆனால் அந்த எண் யாருடைய தலைவிதியையும் மாற்றவில்லை. இயேசு தாவீதின் மகன் என்று அறிக்கையிடுவதற்கே அது பயன்பட்டது.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி, சோதிடம், கைரேகை, குறி கேட்டல் போன்றவற்றை அதன் 2116ஆம் எண்ணில் தெளிவாக மறுக்கிறது. வருங்காலத்தை நம் கைக்குள் பிடிக்க நினைப்பது கடவுள்மீது கொள்ள வேண்டிய நம்பிக்கைக்கு எதிரானது என்பதே காரணம். அதே மறைக்கல்வி, ஒவ்வொருவரின் பெயரும் புனிதமானது என்றும், கடவுள் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்றும் கற்பிக்கிறது. அப்படியானால், என் பெயரில் ஏதோ குறை இருக்கிறது என்று பயப்படும்போது, அழைத்தவரையே அல்லவா நாம் சந்தேகிக்கிறோம்?

பயந்த பெற்றோரைக் கேலி செய்வதும் தகாது. துன்பம் உண்மையானது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் விழித்திருந்தவருக்கே அந்தப் பயம் தெரியும். அந்த நேரத்தில் அவர்களைக் கண்டிப்பதைவிட, அருகில் அமர்ந்து அந்தக் குழந்தையின் பெயருக்கு என்ன பொருள் என்று எடுத்துச் சொல்வது நல்லது. வளன் என்ற பெயரைச் சுமந்த சூசையப்பருக்கும் வாழ்க்கை வசதியாக அமையவில்லை. பெத்லகேமில் இடம் கிடைக்கவில்லை, இரவோடு இரவாக எகிப்துக்கு ஓட நேர்ந்தது. ஆனாலும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட குழந்தை வளர்ந்தது. வளன் என்ற பெயருக்கு அதுவே பொருள்.

வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று அழைக்கப்படும் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் ஆலயத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். இறுதி நாட்களைச் சேர நாட்டு அம்பலக்காட்டில் கழித்து, 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், தமது 66ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுத்தார்கள். ஆனால் அவரை நாம் தினமும் சந்திக்கும் இடம் நம் பிள்ளைகளின் கையெழுத்து நோட்டுதான். இரட்டைச் சுழிக் கொம்பைப் பிள்ளை எழுதிப் பழகும்போதெல்லாம் அவர் அங்கே இருக்கிறார்.

இந்த வாரம் நம் இல்லங்களில் ஒரு சிறு காரியம் செய்வோம். இரவு செபத்துக்குக் குடும்பமாகக் கூடும்போது, ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, அதற்கு என்ன பொருள், அந்தப் பெயரைச் சுமந்த புனிதர் எப்படி வாழ்ந்தார் என்று பேசுவோம். பொருள் தெரியாவிட்டால் பெரியவர்களைக் கேட்போம், பங்குத்தந்தையைக் கேட்போம். பெயரின் பொருளை அறிந்த பிள்ளை, அதன் எழுத்துகளை எண்ணிப் பயப்படாது.